வெளிநாட்டில் கார் ஓட்டப்போறீங்களா? லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் எங்கே காலை வாரும்?

துபாய் டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டல் புக் பண்ணியாச்சு. ‘டாக்ஸிக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு காரையே வாடகைக்கு எடுத்துடலாமே’ என்று தோன்றும். தாராளமாக எடுக்கலாம். ஆனால், பர்ஸில் இருக்கும் இந்திய லைசென்ஸை மட்டும் நம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தால் சிக்கல்தான்.

ஐ.டி.பி என்றால் என்ன?

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் என்பதன் சுருக்கம். உங்கள் இந்திய லைசென்ஸை மற்ற நாட்டு போலீஸும் புரிந்துகொள்ள உதவும் ஆவணம். இது தனி லைசென்ஸ் கிடையாது. அதனால் ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

எங்கே வாங்குவது?

உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ-வில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டுக்குச் செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் காலி. ‘10 வருஷ இன்டர்நேஷனல் லைசென்ஸ், வீட்டுக்கே டெலிவரி’ என்று வரும் விளம்பரங்களை நம்பி ஏமாறாதீங்க.

எல்லா நாட்டிலும் செல்லுமா?

இல்லை. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

* ஐக்கிய அரபு அமீரகம்: சுற்றுலா விசாவில் போனால் ஐ.டி.பி-யுடன் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால் அந்த நாட்டு லைசென்ஸ் கட்டாயம்.
* பிரிட்டன்: 12 மாதம் வரை இந்திய லைசென்ஸிலேயே கார் ஓட்டலாம். படிக்கப் போனவர்கள் காலண்டரைக் கவனிங்க. 13-வது மாதத்தில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர்.
* ஜப்பான்: 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட ஐ.டி.பி வேண்டும். இந்தியாவும் அதில் இருப்பதால் பிரச்னை இல்லை.
* சீனா: ஐ.டி.பி செல்லாது.

தாய்லாந்தில் ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கார் ஓட்ட மட்டும் அனுமதிக்கும் ஐ.டி.பி, டூவீலருக்கு உதவாது.

இங்கே போட்ட கார் இன்ஷூரன்ஸ் அங்கே உதவுமா?

உதவாது. அது உங்கள் காருக்கான பாலிசி, அதுவும் இந்திய எல்லைக்குள்தான். சொந்தக் காரிலேயே நேபாளம், பூடான் போவதாக இருந்தால், கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியின் எல்லையை நீட்டிக்கலாம். வாடகைக் காருக்கு அங்கேயே இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கே என்கிறீர்களா? அது பெரும்பாலும் மருத்துவச் செலவைப் பார்க்கும். வாடகைக் காரின் சேதத்தைப் பொதுவாகப் பார்க்காது.

கவுன்டரில் என்ன கேட்க வேண்டும்?

முதலில், அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுகட்டும் தேர்டு பார்ட்டி கவர் எவ்வளவு என்று கேளுங்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாடகையிலேயே போதுமான அளவு அடங்கியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது, காரின் சேதத்துக்கான சி.டி.டபிள்யூ. இதில் ‘எக்சஸ்’ என்று ஒரு தொகை இருக்கும். உதாரணத்துக்கு, எக்சஸ் 1,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். சேதம் 700 யூரோ என்றால் முழுசாக உங்கள் தலையில். 4,000 யூரோ என்றால் உங்கள் பங்கு 1,000. கூடுதலாகப் பணம் கட்டி எக்சஸைக் குறைக்கலாம். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் இந்த கவரில் வராது.

கிளெய்ம் எப்போது மறுக்கப்படலாம்?

செல்லாத லைசென்ஸில் ஓட்டினால். குடித்துவிட்டு ஓட்டினால். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பரிடம் ‘கொஞ்ச நேரம் நீ ஓட்டுடா’ என்று கொடுத்தால். காரில் விழுந்த கீறலோடு இது முடியாது. யாருக்காவது அடிபட்டால் அவருடைய சிகிச்சைச் செலவும் இழப்பீடும் நேராக உங்கள் மேல் விழும். வழக்கு முடியும்வரை ஊர் திரும்ப முடியாத நிலையும் வரலாம்.

கிளம்பும் முன்...

சாவியை வாங்கியதும் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துடுங்க. பழைய கீறலுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்காது. விபத்து நடந்தால் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு ஓடாமல், டிக்கெட் போடும் அன்றே ஐ.டி.பி-க்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.