பயிற்றையும் கௌபியும் ஒரே இனம்

பயிற்றை பறித்து முடிந்த பாத்தியிற் கௌபியை விதைத்தல் பயிர்ச்சுழற்சியாகாது. பெயர் இரண்டாயினும், தாவரவியலார் இவற்றை விக்னா அங்குயிகுலாற்றா என்னும் ஒரே இனமாகக் கொள்வர். ஒன்று பச்சைக் காய்க்காகவும் மற்றையது முதிர்ந்த விதைக்காகவும் தெரிந்தெடுக்கப்பட்டன. முன்னையதிற் பெருகிய போஞ்சி ஈயும் அசுவினியும் பின்னையதையும் தாக்கும். தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் அப்பாத்தியிற் பெரிய வெங்காயம் அல்லது சோளம் செய்வதே தகும்.

அவரைக் குடும்பம் மிகப் பெரியது. வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவும், புளியமரமும், காலைக் கீறும் தொட்டாற்சுருங்கியுங்கூட அதனைச் சேர்ந்தவை. பாசிப்பயறும் உளுந்தும் முன்னர் போஞ்சியுடன் பசியோலசு என்னும் சாதியில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர் கௌபியின் சாதியாகிய விக்னாவுக்கு மாற்றப்பட்டன. உளுந்தின் காய் நிமிர்ந்து நீண்ட மயிருடன் இருக்கும். பயற்றின் காய் விரிந்தோ தொங்கியோ நிற்கும்.

இப்பிரிவு கமக்காரருக்கும் பயனுடையது. காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் பற்றீரியா வேர்ச்சிறுகணுக்களில் வாழ்கிறது. கௌபி, பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை, துவரை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே கூட்டப் பற்றீரியா போதும். போஞ்சிக்கும் சோயா அவரைக்கும் வெவ்வேறானவை வேண்டும். எனவே சோயாவை முதன்முறை செய்யும் நிலத்தில் அதற்குரிய பற்றீரியாவை விதையுடன் கலந்து விதைத்தல் நன்று. போஞ்சியோ நைதரசனைச் சேர்ப்பதிற் பின்தங்கியது. அதனை நம்பிப் பசளையைக் குறைத்தலாகாது.

பூக்கும் காலத்திற் செடியொன்றை மண்ணுடன் தோண்டி, வேரை நீரிற் கழுவிப் பார்க்கவும். சிறுகணுவை நகத்தாற் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாயின் அது வேலை செய்கிறது, பச்சையாயின் ஓய்ந்துவிட்டது. வேரின் பக்கத்தில் ஒட்டி, தேய்த்தால் உதிர்வதே சிறுகணு. வேரே பருத்து முடிச்சாகி உதிராதிருப்பின் அது வட்டப்புழுவின் தாக்கம். இரண்டையும் மயங்கிக் கொள்ளுதல் பெருநட்டத்தைத் தரும்.

யூரியாவை மிகுதியாக இட்டாற் சிறுகணுக்கள் குறையும்.

சிறுபோகத்தில் நெல்லுக்குக் குளத்து நீர் போதாத வயல்களுக்குப் பாசிப்பயறு ஏற்றது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதிரும். நீர் தேங்கினால் அழுகுமாதலால் வடிகால் வெட்டுதல் அவசியம். விதையுடன் நைதரசனின் பெரும்பகுதி வெளியேறிவிடும். கொடியையும் பிடுங்கி எரித்தால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆகையாற் காய்களைப் பறித்தபின், செடியைப் பிடுங்காது வேரும் இலையும் மண்ணிற் சேர உழுதுவிட்டுப் பெரும்போக நெல்லை விதைக்கவும்.