நாதமாகக் கூடாத சத்தம்

நாமகிரிப்பேட்டை என்றதும் சந்தைக்காரர்களுக்கு மஞ்சள் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊர்க் கிருஷ்ணனின் நாகஸ்வரம்தான். அந்தக் குழலுக்குள் நடப்பது தீராத அதிசயம். ஊதுகிறவர் தருவது வெறும் மூச்சு. அதில் சுருதி ஏது? குழலின் வாயில் செருகிய சீவாளி அதிர, குழலுக்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வைச் சீவாளிக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டி ஒத்துப்போகும் கணத்தில் மூச்சு நாதமாகிவிடுகிறது.

நெருப்பும் இப்படிப் பாடும். 1859இல் நெதர்லாந்தின் இயற்பியலாளர் ரைக்கே, செங்குத்தாக நிறுத்திய குழாயின் கீழ்ப்பாதியில் கம்பிவலை ஒன்றை வைத்துச் சூடேற்றினார். குழாய் உரக்க ஒலித்தது. காற்று நெருக்குண்டிருக்கும் வேளை பார்த்து வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வளரும் என்று பிறகு ஆங்கில இயற்பியலாளர் ராலே காரணம் சொன்னார். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான்.

ஜெட் எஞ்சினின் எரிகலனில் இந்தப் பாட்டு பிறக்கவே கூடாது. பிறந்தால் அழுத்தம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும்; உலோகம் விரிசல் விடும், சுடரே அணைந்தும் போகலாம். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில் இந்தத் தொல்லையை அடக்க ஏறத்தாழ 2,000 முழு அளவுச் சோதனைகள் தேவைப்பட்டன.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். ஐ. சுஜித்தும் அவருடைய மாணவர்களும் கேட்ட கேள்வி வேறு. பாட்டு தொடங்குவதற்கு முன் எரிகலன் என்ன சொல்கிறது? சாதாரணமாக எரியும்போது எழும் இரைச்சலைப் பலரும் பொருளற்றது என்று ஒதுக்கியிருந்தார்கள். 2013, 2014இல் வெளிவந்த ஆய்வுகளில் இவர்கள் காட்டியது: அந்த இரைச்சல் ‘கேயாஸ்’ எனப்படும் ஒழுங்கின்மைக் கணிதத்துக்கு உட்பட்டது. ஆபத்து நெருங்க நெருங்க அதன் சிக்கல் குறைகிறது. நடுநடுவே சீரான அதிர்வு தலைகாட்டி மறைகிறது, கடைசியில் நிலைத்துவிடுகிறது. ஆக, இரைச்சல் இருக்கும்வரை எஞ்சின் நலமாக இருக்கிறது. அது தெளியத் தொடங்குவதுதான் எச்சரிக்கை.

விற்பனைக்கு எஞ்சின் செய்கிற நிறுவனம் ஓர் இரைச்சலை இத்தனை பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. பல்கலைக்கழகத்துக்குத்தான் அந்த அவகாசம் உண்டு. பலனோ தொழிலுக்கே போய்ச் சேர்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்க எரிபொருளைச் சிக்கனமாகக் கலந்து எரிக்க வேண்டும். அப்படி எரியும் சுடர்தான் எளிதில் பாடத் தொடங்கும். அதற்கு அஞ்சி, எரிவாயு மின்நிலையங்களின் டர்பைன்களைப் பாட்டு தொடங்கும் எல்லையிலிருந்து வெகுவாக விலகியே இயக்க வேண்டியிருக்கிறது. பாட்டு வருவது முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போகலாம், சீவாளி அதிரும் முன் மூச்சைத் தளர்த்துவது போல.