உலக்கைச் சத்தம் கேட்ட வீடு

கானாவின் அக்ராவில் வாடகை வீடு தேடி அலைந்தேன். வீடு கிடைத்தது. கூடவே சாயங்காலம் தவறாமல் ஒரு சத்தமும் கிடைத்தது. தொம், தொம், தொம். பின்கட்டில் யாரோ நெல் குத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் பாட்டி வீட்டுச் சத்தம் அப்படியே இருந்தது.

எட்டிப் பார்த்தால் நெல் இல்லை. ஒரு பையன் நின்றபடி ஆளுயர உலக்கையை இறக்குகிறான். வீட்டுக்கார அம்மா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் அந்த ஒரு நொடியில் உரலுக்குள் கைவிட்டு மாவைப் புரட்டிப் போடுகிறார். அடுத்த அடி விழுவதற்குள் கை வெளியே வந்துவிடும். இத்தனைக்கும் அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இதைச் செய்தார். எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது.

பக்கத்துச் சட்டியில் வெந்த கிழங்கு. நடுவில் நார் ஓடிய வெள்ளைக் கிழங்கு. அட, நம்ம மரச்சீனி, அதாவது மரவள்ளி! கூடவே அவித்த ஏத்தங்காய். இரண்டையும் சேர்த்து இடித்தால் ஃபூஃபூ. அதை உருண்டையாக மண்சட்டியில் வைத்து, தக்காளியும் மிளகாயும் போட்டு நீர்க்க வைத்த குழம்பையும் புகையில் வாட்டிய மீனையும் மேலே ஊற்றித் தருவார்கள். வலது கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் நாள் தொண்டையிலேயே நின்றது. நாலாம் நாள் நானே சட்டியை நீட்டினேன்.

இதில் எனக்கு ஒரு கூச்சமும் உண்டு. நாங்கள் தோவாளைப் பக்கத்து வயல்காரர்கள். மரச்சீனி எங்கள் வீட்டில் நாலு மணிப் பலகாரம். சோற்றுக்குப் பதிலாக அதைத் தின்றால் அது கஷ்டகாலம். கல்குளம், விளவங்கோட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும்தான் சாப்பாடே என்று கேட்டு, சின்ன வயதில் உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன்.

பிதுக்க என்ன இருக்கிறது? பிரேசில் பக்கத்துக் கிழங்கு அது. போர்த்துகீசியர் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரையிலும் இறக்கினார்கள், மலையாளக் கரையிலும் இறக்கினார்கள். திருவிதாங்கூரில் அதைப் பரவலாக நடவைத்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது அரண்மனையில் சமைக்கச் சொல்லி அவரே தின்று காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பயத்திலும் நியாயம் உண்டு. கிழங்கில் சயனைடு சேர்மம் இருக்கிறது. நாம் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். கானாக்காரர்கள் துருவிச் சாக்கில் கட்டி, பாரம் ஏற்றிப் பிழிந்து, புளிக்கவிட்டு, அகலச் சட்டியில் வறுக்கிறார்கள். அதற்குப் பெயர் காரி. பார்க்க ரவை போலிருக்கும். குளிர்ந்த தண்ணீர், சர்க்கரை, பால், வறுத்த கடலை சேர்த்தால் ஹாஸ்டல் பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு. 1942இல் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பு மரச்சீனியால்தான் எரிந்தது. வயல்காரர் வீட்டிலும்தான். ஆனால் பாட்டி இதைச் சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: “அங்க என்னலே திங்கே?”

“மரச்சீனிம்மா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“இதத் திங்கதுக்காலே இம்புட்டு ரூவா செலவழிச்சுப் போனே?” பிறகு குரல் இறங்கியது. “கூட மீனு உண்டாலே?”

“உண்டும்மா.”

“அப்பஞ் சரி.”