குறுகிய கால வாடகையில் சரக்கு அறை

ஒரு பொருளை உற்பத்தி செய்வது பாதி வேலை. அதைத் தக்க விலைக்கு விற்கும் நாள்வரை கெடாமல் காப்பது மறுபாதி. இந்த மறுபாதிக்குரிய இடந்தான் நம் அங்கத்தினர் வீடுகளில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது குழித்தறியில் நீர் ஊறித் தறி நின்றுபோகிறது. அதே சமயத்தில், நெய்து மடித்த சேலைகளையும் வாங்கி வைத்த நூலையும் ஈரம் படாமல் காக்க வேண்டியிருக்கிறது. விவசாயியின் நிலையும் இதுவே. அறுவடைக் காலத்தில் ஊரார் அனைவரின் நெல்லும் மஞ்சளும் நிலக்கடலையும் ஒரே வேளையில் சந்தைக்குச் செல்வதால் விலை தாழ்கிறது. இரண்டு மூன்று மாதம் பொறுத்திருக்க இடமில்லாதவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான்.

இத்தேவை ஆண்டு முழுவதும் இருப்பதன்று. மூன்று மாதத் தேவைக்காகச் சொந்தக் கிட்டங்கி கட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் இயலாது. ஆகவே வேண்டிய காலத்துக்கு மட்டும் இடத்தை வாடகைக்கு எடுப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அவ்வாறு எடுப்பதில் இருவகை உண்டு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் வெவ்வேறானவை. அந்த வேறுபாட்டை அறியாமல் கையெழுத்திடுவோர் சரக்கு சேதமான பிறகே அதை அறிய நேரிடுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகை ஏற்பாடுகள்

முதல் வகை பொதுக் கிட்டங்கி. நாம் சரக்கைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறோம். கிட்டங்கியார் அதை எடைபோட்டு, தரம் பார்த்து, ரசீது கொடுத்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். 1954-இல் வெளிவந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை இத்தகைய கிட்டங்கிகள் வேண்டுமென வற்புறுத்தியது. அதன் பயனாக 1956-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957-இல் மத்தியக் கிட்டங்கிக் கழகமும், 1958-இல் நம் மாநிலக் கிட்டங்கிக் கழகமும் தோன்றின.

இரண்டாம் வகை, அண்மை ஆண்டுகளில் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் விளம்பரம் செய்யப்படும் தனிப்பூட்டு அறை. ஒரு பெரிய கட்டடத்தைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, மாத வாடகைக்கு விடுகிறார்கள். அறையில் என்ன வைக்கிறோம் என்பதை அவர்கள் எண்ணுவதுமில்லை, எடைபோடுவதுமில்லை. நாமே வைத்து, நாமே பூட்டி, சாவியை நாமே எடுத்து வருகிறோம். இம்முறை 1960-களில் அமெரிக்காவில் பரவியது. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒடெஸ்ஸா நகரில் 1964-இல் திறக்கப்பட்ட ஒரு நிலையத்தின் பெயரே, 'நீயே வை, நீயே பூட்டு, சாவியை நீயே கொண்டு போ' என்னும் பொருள்பட அமைந்திருந்தது. இம்முறையின் வசதியும் அதுதான், அபாயமும் அதுதான்.

சாவியும் பொறுப்பும்

நாம் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே: சாவி யாரிடமோ, பொறுப்பும் அவரிடமே.

பொதுக் கிட்டங்கியில் சரக்கு கிட்டங்கியாரின் கைக்கு மாறுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ அவ்வளவு கவனத்துடன் அதைக் காக்கக் கடமைப்பட்டவர். அக்கவனம் தவறிச் சேதம் நேர்ந்தால் அவரே ஈடு சொல்ல வேண்டும்.

தனிப்பூட்டு அறையிலோ, சரக்கு கைமாறுவதே இல்லை. இடத்தை உபயோகிக்க நமக்கு அனுமதி மட்டும் தரப்படுகிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே எழுதப்படுகின்றன. கட்டடத்துக்குக் காவலும் கண்காணிப்புக் கேமராவும் இருக்கலாம். ஆயினும், 'அறையிலுள்ள பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வாசகம் ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு மூலையில் இடம்பெற்றிருக்கும். எலி கடித்ததா, கூரை ஒழுகியதா, திருட்டுப் போனதா என்ற வழக்கு எழும்போது, உள்ளே என்ன இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பாரமும் நம்மீதே விழும்.

இவ்விடத்தில் அங்கத்தினர் சிலர் வங்கி லாக்கரை நினைக்கக்கூடும். அங்கும் உள்ளே இருப்பது என்னவென்று வங்கிக்குத் தெரியாது. ஆயினும் ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி முதலியவற்றால் லாக்கரிலுள்ள பொருளுக்கு இழப்பு நேர்ந்தால், வங்கி ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்குவரை பொறுப்பேற்க வேண்டும். இவ்விதி வங்கிகளுக்கு மட்டுமே உரியது. தனிப்பூட்டு அறைக்குப் பொருந்தாது. அங்கே ஒப்பந்தம் சொல்வதே முதன்மையானது.

ரசீதின் பெருமை

பொதுக் கிட்டங்கியில் பெறும் ரசீது வெறும் அடையாளச் சீட்டன்று. 2007-ஆம் ஆண்டின் கிட்டங்கி மேம்பாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன்கீழ்ப் பதிவுபெற்ற கிட்டங்கிகள் தரும் மாற்றத்தக்க ரசீதைக் கொண்டு வங்கியில் கடன் பெறலாம். சரக்கை நகர்த்தாமலே ரசீதை மாற்றி விற்கவும் செய்யலாம். 2017 முதல் இந்த ரசீது மின்னணு வடிவில் வழங்கப்படுகிறது. தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்குச் சரக்கைக் காப்பீடு செய்வதும் பதிவுபெற்ற கிட்டங்கியின் கடமையாகும்.

ஆகவே மஞ்சளோ நிலக்கடலையோ வைக்க விரும்பும் விவசாயிக்குப் பதிவுபெற்ற கிட்டங்கியே ஏற்றது. அவசரச் செலவுக்கு ரசீதின்மேல் கடன் வாங்கிக்கொண்டு, விலைக்காகக் காத்திருக்க முடியும். தனிப்பூட்டு அறையில் வைத்த சரக்குக்கு இத்தகைய ரசீது கிடையாது. மேலும், அழுகும் பொருள்களையும் பூச்சிகளை வரவழைக்கும் தானியங்களையும் அத்தகைய அறைகளில் வைக்கப் பொதுவாக அனுமதிப்பதில்லை. துணி, நூல், தறிச் சாமான், ஜக்கார்டுப் பெட்டி, விற்பனைக்கூட அலமாரி ஆகியவற்றுக்கே அவை பொருந்தும். வெளி மாவட்டச் சங்கம் ஒன்று சென்னையில் கண்காட்சி விற்பனை நடத்தும்போது, தினமும் எடுக்கவும் வைக்கவும் அருகில் ஓர் அறை இருப்பது பெரும் சௌகரியமே.

வாடகைக் கணக்கு

குறுகிய கால வாடகையில் விளம்பரத் தொகை வேறு, முடிவில் கொடுக்கும் தொகை வேறு. ஓர் உதாரணம் காண்போம். ஒரு சங்கம் 500 சேலைகளை மூன்று மாதம் வைக்க விரும்புகிறது; மாத வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய். சேலைக்கு 24 ரூபாய். விற்பனை சற்று நீண்டு, நான்காம் மாதம் ஐந்தாம் நாள் காலி செய்ய நேர்ந்தால் என்ன ஆகும்? நாள் கணக்கில் வாங்கும் ஒப்பந்தமானால் கூடுதலாக ஏறத்தாழ 667 ரூபாய். முழு மாதமாகக் கணக்கிடும் ஒப்பந்தமானால் கூடுதல் 4,000 ரூபாய். சேலைக்கு 32 ரூபாய் ஆகிவிடுகிறது.

'ஆறு மாதத்துக்கு எடுத்தால் மாதம் 3,200 ரூபாய்தான்' என்று ஒருவர் ஆசை காட்டலாம். ஆறு மாதத்துக்கு அது 19,200 ரூபாய். மூன்று மாதமே தேவைப்படும் சங்கத்துக்கு அந்தச் சலுகை, நான்கு மாத முழு வாடகையைவிடவும் அதிகச் செலவு. ஆகவே மாத வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், நமக்கு வேண்டிய காலம் முடிந்து வெளியேறும்போது மொத்தம் எவ்வளவு என்றே கேட்க வேண்டும்.

விளைபொருளை வைப்போர் எடைக் குறைவையும் கணக்கிட வேண்டும். நெல்லை ஓரிரு மாதம் வைக்க 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம் வேண்டும். 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 96.5 கிலோவே எஞ்சும். ஈர நெல்லை அன்றே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைப் பெறுவதற்கே விலை 3.6 சதவீதம் உயர வேண்டும். அதற்குமேல் கிட்டங்கி வாடகையும் வட்டியும் உண்டு. இவற்றையெல்லாம் கழித்து மிஞ்சுவதே காத்திருந்ததன் ஊதியம்.

கையெழுத்திடுமுன்

தனிப்பூட்டு அறை எடுப்பவர்கள் ஐந்து விஷயங்களை எழுத்தில் பெற வேண்டும்.

முதலாவது, குறைந்தபட்சக் காலமும் முன்னறிவிப்பும். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானே நீளுமா என்பவை தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முன்பணம். அது எத்தனை நாளில், எவ்விதப் பிடித்தத்துடன் திரும்பும் என்பது குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, வாடகை உயர்வு. முதல் மாதத் தள்ளுபடி முடிந்தபின் வாடகை எவ்வளவு, வரி தனியா என்று கேட்க வேண்டும்.

நான்காவது, பாக்கி விழுந்தால் நேர்வது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், பாக்கிக்காக அறையிலுள்ள பொருளை ஏலமிடும் முறையைச் சட்டமே வகுத்துள்ளது. நம் நாட்டில் இவ்வறைகளுக்கென்று தனிச்சட்டம் இல்லாமையால், மேல்பூட்டுப் போடுவது முதல் ஏலம்வரை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இடத்தை உபயோகிக்கும் அனுமதி ரத்தானாலும், நம் பொருளை எடுத்துச்செல்ல நியாயமான அவகாசம் பெறும் உரிமை நமக்குண்டு என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஐந்தாவது, காப்பீடு. சங்கத்துக்கு நெருப்புக் காப்பீடு இருக்கிறதென்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பத்திரத்தில் எந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்துச் சரக்குக்கே காப்பு உண்டு. வாடகை அறைக்குச் சரக்கை மாற்றுமுன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, அவ்விடத்தையும் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலை ஒன்று 2,000 ரூபாய் என்று வைத்தால், மேற்சொன்ன 500 சேலைகளின் மதிப்பு 10 லட்சம் ரூபாய். 12,000 ரூபாய் வாடகையைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, 10 லட்ச ரூபாயைக் காப்பின்றி விடுவது சிக்கனமாகாது.

அறைக்குள் வைக்கும் முறை

2015 டிசம்பரில் சென்னையில் ஏற்பட்ட வெள்ளத்தில் தரைத்தளங்கள் மூழ்கியதை நாம் மறக்கலாகாது. மழைக்காலத்துக்கு அறை எடுப்பவர்கள், வாடகை சற்று அதிகமானாலும் மேல்தளத்தையே நாட வேண்டும். எந்தத் தளமாயினும் பொதிகளை வெறுந்தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குவதும், சுவரை ஒட்டாமல் காற்றோட்டத்துக்கு இடம் விடுவதும் அவசியம்.

கஞ்சி போட்ட பாவும் துணியும் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. ஈரம் சேர்ந்தால் பூஞ்சைக்கும் விருந்து. ஆதலால் நன்கு உலர்ந்த சரக்கையே கட்ட வேண்டும். சரிகைச் சேலைகளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதும், நெடுநாள் வைத்தால் எடுத்து மடிப்பு மாற்றுவதும் நலம். பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் அறையைத் திறந்து பார்க்க வேண்டும். பொறுப்பு நம்முடையதாகையால் காவலாளியும் நாமே.

சங்கத்தின் கடமை

ஐந்து சேலையோ பத்துச் சிட்டம் நூலோ வைத்திருக்கும் நெசவாளி தனியாக ஓர் அறை எடுக்க இயலாது. இருபது பேர் சேர்ந்தால் இயலும். இங்கேதான் கூட்டுறவு பயன்படுகிறது. நிர்வாகக் குழுவின் தீர்மானத்துடன் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் செய்து, வாடகையைச் சரக்கின் அளவுக்கேற்பப் பங்கிடலாம்.

அவ்வாறு செய்யும்போது அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையேயும் அதே நியதி பொருந்துகிறது. சாவி இப்போது சங்கத்திடம் இருப்பதால் பொறுப்பும் சங்கத்தினுடையதே. யாருடைய சரக்கு எவ்வளவு, எந்நாள் வந்தது, எந்நாள் சென்றது என்பதை இருப்புப் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும். அறைக்கு இரு பூட்டுப் போட்டு, ஒரு சாவி செயலாளரிடமும் மற்றொன்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடமும் இருத்தல் நன்று. உள்ளே வைத்த சரக்கைப் படம் எடுத்து, தேதியுடன் வைத்துக்கொண்டால் காப்பீட்டுக் கோரிக்கைக்கு அதுவே சான்றாகும்.

விளைபொருளாயின் பதிவுபெற்ற கிட்டங்கியில் ஒப்படைத்து ரசீது பெறுவோம். துணியும் தறிச் சாமானுமாயின் தனிப்பூட்டு அறையைக் கணக்குப் பார்த்து, காப்பீட்டுடன் எடுப்போம். எதுவாயினும், சாவியைக் கொடுக்கும்போது என்ன பெறுகிறோம், சாவியை வாங்கும்போது எதை ஏற்கிறோம் என்பதைத் தெரிந்து செய்வோமாயின், அவசரத்தால் தாழ்ந்த விலைக்கு விற்கும் நிலையிலிருந்து நம் அங்கத்தினர் பலர் மீள்வது திண்ணம்.