இற்றையும் இற்றுப்போதலும்

இற்று என்னும் ஒலியிலே தொடங்கும் இரு சொற்கள் தமிழில் உண்டு. இன்று என்னுஞ் சொல் ஐகாரம் பெற்றுத் திரிந்து இற்றை என்றாகும். அற்றைக்கூலி, இற்றைநாள் என உதாரணங் காட்டி இதனை மாணாக்கருக்குப் புணரியலிலே கற்பிக்கின்றோம். மற்றையது, இறு என்னும் வினையடியிற் பிறந்த இற்று. முறிந்து, நைந்து, கெட்டு என்பது அதன் பொருள். கூரைத் தகரம் ‘இத்துப்போச்சு’ என்று லயத்து மக்கள் சொல்வது இச்சொல்லின் திரிபேயாம்.

பிறப்பால் வேறான இவ்விரண்டும் கணினித் துறையிலே பக்கத்திற் பக்கமாக வந்து நிற்கின்றன. மென்பொருளைக் காலத்துக்கேற்பப் புதுக்குதலை நம் நாட்டுத் தமிழர் இற்றைப்படுத்தல் என வழங்குகின்றனர். இற்றைப்படுத்தாத மென்பொருள் இற்றுப்போம். நான் சொல்லக் கருதியது இவ்வளவே. தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை போகப்போகப் புலனாகும்.

நாம் கைபேசியிலே ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அப்பக்கம் எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினியிலிருந்து வருகின்றது. கேட்டோர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குதலின் அதற்கு வழங்கி என்று பெயர். இப்பணியைச் செய்யும் மென்பொருள்களுள் நெடுநாளாகப் பெயர்பெற்றது அப்பாச்சி. அதன் பிறப்பு வரலாறு நம்மவர்க்குப் புதியதன்று. அமெரிக்காவில் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு நிலையத்தில் ராப் மக்கூல் என்பவர் ஒரு வழங்கி மென்பொருளை இயற்றினார். 1994ஆம் ஆண்டில் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவே, அது பேணுவாரின்றித் தேங்கிற்று. அதனைப் பயன்படுத்தி வந்தோர் சிலர் தாந்தாம் செய்து வைத்திருந்த திருத்தங்களை மின்னஞ்சலிற் பரிமாறி ஒன்றுசேர்த்தனர். 1995ஆம் ஆண்டில் அத்தொகுப்பு அப்பாச்சி என்னும் பெயரோடு வெளிவந்தது. பின்னர் 2004ஆம் ஆண்டில் ரஷ்யரான ஈகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்பதும் அதற்கிணையாகப் பரவிற்று.

பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து ஒரு பாடத்தை நிறுவும் இம்முறையைத்தானே நம் பதிப்பாசிரியர்களும் கைக்கொண்டார்கள்? யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடுகள் கையிலெடுக்கும்போதே நொறுங்கும் நிலையை நினைந்து பதிப்புரையில் வருந்தினார். ஓலைக்கு ஆயுள் உண்டு. அவ்வாயுள் முடியுமுன் வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதாத நூல் இறந்துபடும். நமக்கு எஞ்சிய இலக்கியம் யாவும், தலைமுறைதோறும் பெயரறியா ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதியமையால் எஞ்சியனவே.

ஓலையைச் செல் அரிக்கும். மென்பொருளை அரிப்பது யாது? எழுதியவர் அறியாமல் விட்ட குறைகளே. அக்குறையைத் தீயோர் ஒருவர் கண்டுகொண்டால் அது வாசலாகிவிடும். 2021ஆம் ஆண்டில் வந்த அப்பாச்சி 2.4.49 என்னும் பதிப்பில் அத்தகைய குறையொன்று நேர்ந்தது. விருந்தினன் கூடத்தில் இருக்கவேண்டியவன். அவன் வழியைச் சற்று மறைமொழியில் எழுதிக் கேட்டால், பாதுகாப்பு அமைப்புச் சரிவர இல்லாத வழங்கி அவனை உள்ளறைக்கும் போகவிட்டது. ஒக்டோபர் 4ஆந் திகதி திருத்திய பதிப்பு 2.4.50 வெளிவந்தது. அத்திருத்தமும் நிறைவானதன்று எனக் கண்டு, மூன்றே நாளில் 2.4.51 வெளியிடப்பட்டது. புதியது என்பதனாலேயே ஒன்று குற்றமற்றதாகாது என்பதும், அதனாலேயே காவல் இடையறாதிருத்தல் வேண்டும் என்பதும் இந்நிகழ்ச்சியாற் பெறப்படும். ஒருநாட் பெயர்த்தெழுதியதோடு ஏட்டின் காவல் முடிந்துவிடுவதில்லை.

இதனை நான் நேரிற் கண்டு தெளிந்தது என் மாணவர் ஒருவராலே. அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்தவர்; கொழும்பிலே வழங்கிகளைப் பேணும் தொழில் புரிபவர். தீபாவளி விடுமுறையில் வீடு வந்தவர், மடிக்கணினியுடன் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்தார். படமில்லை, பொத்தானில்லை, கரிய திரையிலே வெள்ளெழுத்துகள் மட்டும் நின்றன. “இதுதான் ஐயா கட்டளை வரி,” என்றார்.

உற்று நோக்கினேன். அவர் எழுதியவை பெரும்பாலும் ஏவல் வினைமுற்றுகள். நட, வா என்பன போலக் குறுகியவை. சொன்னதை மட்டுமே கணினி செய்யும். சொல்லாததை ஊகித்து உணராது. முதலில் அவர் எதனையும் புதுக்கவில்லை. உள்ளவற்றையெல்லாம் வேறோர் இடத்திற் பிரதி செய்து வைத்தார். அதன்பின் ‘ஆப்ட் அப்டேட்’ என்று எழுதினார். இது மென்பொருளைத் தொடுவதில்லை. புதிதாக வந்துள்ளவை இவை என்னும் பட்டியலை மட்டும் கொணர்ந்து வைக்கும். அடுத்து ‘ஆப்ட் அப்கிரேட்’ என்றார். இதுவே உண்மையிற் புதுக்குவது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதி, முதற் கட்டளையோடு எழுந்துபோய் விடுவாரும் உளர் என்று சிரித்தார்.

இடையிலே கணினி ஒரு வினாவை எழுப்பிற்று. வழங்கியின் அமைப்புக் கோப்பை நீர் முன்னர்த் திருத்தியுள்ளீர். புதிய பதிப்போடு வேறொரு கோப்பு வந்துள்ளது. எதனை வைக்க என்றது. எனக்கு வியப்பாயிற்று. “தம்பி, இது பாடபேதம் அன்றோ?” என்றேன். “ஆம் ஐயா. ஆராயாமல் இரண்டில் ஒன்றை ஏற்றால் துன்பம் வரும்,” என்றார். தமது பழைய கோப்பையே வைத்துக்கொண்டு, பின்னர் இரண்டனையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் புதியதிலிருந்து வேண்டிய ஒரு வரியை மட்டும் எடுத்துச் சேர்த்தார்.

சேர்த்ததும் வழங்கியை அதன்படி ஒழுகச் செய்தாரோ எனின், இல்லை. ‘கன்ஃபிக்டெஸ்ட்’ என்னும் ஒரு சோதனையை ஏவினார். ‘சின்டாக்ஸ் ஓகே’ என விடை வந்தது. சின்டாக்ஸ் என்பது தொடரிலக்கணம். ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் அவ்விடை வாராதாம். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிலே ஒற்றுப்பிழைக்காக மன்றாடிவரும் எனக்கு, இலக்கண வழுவுக்கு இத்துணை மதிப்பளிக்கும் உலகம் ஒன்று உண்டென்பது ஆறுதலாயிற்று. இறுதியிலே ‘கிரேஸ்ஃபுல்’ என்னும் கட்டளையைத் தந்தார். பந்தியில் இருப்போரை எழுப்பாமல், அவர்கள் உண்டு முடித்தபின் அடுத்த பந்தியைப் புதிய முறையில் நடத்துவதை ஒக்கும் அது. பக்கம் படித்துக்கொண்டிருந்தவர் எவரும் இம்மாற்றத்தை அறிந்திரார்.

நிற்க. இவ்வேலையைச் செய்யாதொழிந்தால் விளைவது யாது? தொலைவிற் போகவேண்டா, நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டிலே இலங்கை அரசின் மின்னஞ்சல் வழங்கி தாக்குண்டது. அது இணையப் பக்கத்தை வழங்குவதன்று, அஞ்சலை வழங்குவது. எனினும் நோய் ஒன்றே. அதில் இருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் அதற்குத் திருத்தம் வழங்குவதை அவ்வாண்டு ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. புதுக்க எண்ணியிருந்தும் நிதிக் குறைவு முதலியவற்றால் அது தாமதமாயிற்றென்று பொறுப்பான அரச முகவரகமே தெரிவித்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. வழங்கியோடு பிணைந்திருந்த காப்புப் பிரதியும் உடன் பூட்டுண்டதே காரணம். நெல்லும் விதைநெல்லும் ஒரே குதிரில் இருந்தால் இரண்டும் ஒருங்கே அழியும்.

ஆவணம் அழிதல் என்பது எவர்க்கும் இழப்பே. ஆயின் மலையகத்தாருக்கு அதன் பொருள் வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலே நம் முன்னோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் இங்கு இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. தேயிலைத் தூர்களுக்கு நடுவே பிறந்து அங்கேயே மூத்தவர், அதனை மெய்ப்பிக்கத் தாளில்லாமல் நின்றார். ஒரு துண்டுத் தாளின் அருமையை நம்மினும் மிக அறிந்தவர் யார்?

இன்று அத்தாள்களின் இடத்தை வழங்கிகள் பிடித்து வருகின்றன. பரீட்சைப் பெறுபேறு வழங்கியிலிருந்து வருகின்றது. நம் இலக்கியமும் அங்கே குடியேறிவிட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத்திட்டமும், 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகமும் இல்லையாயின், இவ்வூர்களிலுள்ள மாணவர்க்குப் பழைய நூல்களும் இதழ்களும் எட்டாக்கனியே. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை நாம் மறக்கவில்லை. நெருப்புக்குப் புகையும் ஒளியும் உண்டு, ஊர் காணும். வழங்கி இற்றுப்போவதை எவரும் காணார்.

ஆதலின் பாடசாலை, சங்கம், வாசிகசாலை எதுவாயினும், இணையத் தளம் ஒன்றைத் திறந்துவைக்கும் நாளில் மாலையும் மேளமும் வைப்பவர்கள் மூன்று வினாக்களை அன்றே எழுப்புதல் வேண்டும். இதனை இற்றைப்படுத்துபவர் யார்? அவர் விலகினால் அடுத்தவர் யார்? வழங்கியோடு பிணையாத பிரதி எங்கே இருக்கின்றது? இவ்வினாக்களுக்கு விடையில்லாத தளம், திறந்த அன்றே இறத் தொடங்கியது.

இற்றைப்படுத்தும் சிறுபொழுதில் தளம் நின்றுவிடுமே என்று அஞ்சுவார்க்குத் தோட்டத்து வழக்கமே விடை. மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகின்றோம். வெட்டிய மலையிற் சில காலம் கொழுந்தில்லை. பார்ப்பதற்கு வெறுங் குச்சிகளே நிற்கும். அவ்விழப்பை அஞ்சிக் கத்தியை ஒளித்துவைத்தால், தேயிலை மரமாகி ஓங்கிவிடும். கைக்கெட்டும் உயரத்திற் கொழுந்து கிடையாது.

ஏடு பெயர்த்தெழுதியோரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் காத்த நூல்களையே ஓதுகின்றோம். கரிய திரையின் முன் அமர்ந்து ஏவல் வினைகளை எழுதும் இளைஞரும் அவர்தம் வழித்தோன்றல்களே. மலையகப் பாடசாலை ஒவ்வொன்றிலும் அத்தகையோர் இருவரையேனும் ஆக்கி வைப்போமாக.