பேசித் தீர்ப்போம் – 9: மனசு சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம்

சென்ற வாரம் ஆரோன் பெக்கைப் பார்த்தோம். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று மனச்சோர்வில் இருப்பவரின் தலைக்குள் ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று அவரோடு சேர்ந்து விசாரிக்கும் முறையை 1960-களில் உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர். சி.பி.டி. என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் சிகிச்சையின் மூலவர்களில் ஒருவர். அவருடைய சிகிச்சையை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தவரின் கதை இந்த வாரம்.

பெக்கின் முறையில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, எண்ணங்களை விசாரிப்பது. மற்றொன்று, படுக்கையை விட்டு எழவே மனமில்லாதவரைக் குளியல், சமையல், கடைத்தெரு என்று அன்றாட வேலைகளுக்குள் மெல்லத் திரும்பக் கொண்டுவருவது. குணமாக்குவது முதலாவதுதான், இரண்டாவது வெறும் முன்னேற்பாடு என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அது உண்மைதானா என்று சோதிக்க இறங்கினார், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன்.

மனச்சோர்வு உறுதி செய்யப்பட்ட சுமார் 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு அன்றாட வேலைகளைக் கூட்டும் பயிற்சி மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு எண்ணங்களை விசாரிக்கும் பயிற்சியும். மூன்றாவது குழுவுக்கு, அந்த எண்ணங்களின் வேரில் உள்ள நம்பிக்கைகளையும் விசாரிக்கும் முழுச் சிகிச்சை. சிகிச்சை கொடுத்தவர்களோ, முழுச் சிகிச்சைதான் சிறந்தது என்று நம்பியவர்கள். 1996-ல் முடிவு வெளியானது. மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இரண்டு வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. முன்னேற்பாடு என்று நினைத்த பகுதி, தனியாகவே சிகிச்சையாக நின்றது. ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்பது அதன் பெயர். நாம் செயலூக்க சிகிச்சை என்போம்.

இது எப்படி வேலை செய்கிறது? ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லெவின்சன் 1970-களிலேயே ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். மனம் சோர்ந்தால் ஆள் ஒதுங்குகிறார். ஒதுங்கினால், அவருக்குச் சந்தோஷமோ திருப்தியோ தந்துகொண்டிருந்த விஷயங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் செக்கை எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். மனசை நேரடியாகப் பிடித்து நிறுத்த முடியாது. கைகால்களை அசைக்க முடியும்.

உதாரணத்துக்கு, பணி ஓய்வுக்குப் பிறகு அறைக்குள்ளேயே முடங்கிவிட்ட ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் செஷன்களில் பேச்சு இப்படித்தான் போகும்.

“நேத்து காலைல என்ன பண்ணீங்க சார்?”

“ஒண்ணும் பண்ணலைம்மா. சும்மாத்தான் இருந்தேன்.”

“காபி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“யாரு போட்டது?”

“நான்தான் போட்டுக்கிட்டேன்.”

“அப்போ மனசு எப்படி இருந்துச்சு? பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?”

“ஒரு மூணு போடலாம்.”

வீட்டுக்கு ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். இடப்பக்கம் மணி, நடுவில் செய்த காரியம், வலப்பக்கம் மனசுக்கு மார்க். ஒரு வாரம் நிரப்பிக்கொண்டு வந்தால், அவருக்கே தெரியாத ஒன்று அதில் தெரியும். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை டி.வி. முன்னால் படுத்திருந்த நேரமெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த இருபது நிமிடம் மட்டும் ஐந்து. அடுத்த வாரத்துக்கான திட்டம் அங்கிருந்து பிறக்கும்: செவ்வாய், வியாழன் சாயந்திரம் ஆறு மணிக்குப் பேத்தியோடு கணக்கு. செய்ய முடியாமல் போனால் திட்டு கிடையாது. எது தடுத்தது என்று பார்த்து, வேலையை இன்னும் சின்னதாக்குவார்கள்.

‘சும்மா படுத்திருக்காதே, நாலு இடத்துக்குப் போயிட்டு வா’ என்று வீட்டிலும்தானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். அது அறிவுரை. பெரும்பாலும் குற்றம்சாட்டும் குரலில் வரும். சிகிச்சையில் எதைச் செய்வது என்பதை அவருடைய சொந்தத் தாள்தான் சொல்கிறது. நாள், நேரம், அளவு எல்லாம் முன்கூட்டியே முடிவாகிறது. அடுத்த வாரம் கணக்குப் பார்க்க ஒருவர் காத்திருக்கிறார்.

இவ்வளவு எளிய முறையென்றால், கொடுப்பவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை இந்தியாவிலேயே சோதித்தார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ‘சங்காத்’ அமைப்பும், மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமில்லாதவர்களைக் கவுன்சலர்களாகத் தயார்செய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு செஷன்கள் வரை செயலூக்க சிகிச்சை. கவுன்சலர்கள் தங்கள் செஷன்களை ஒலிப்பதிவு செய்து, ஒருவருக்கொருவர் கேட்டு மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். மூன்று மாத முடிவில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 39 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவிகிதம். 2017-ல் ‘லான்செட்’ இதழில் இது அச்சானது.

‘ஆதாரமுள்ள சிகிச்சை’ என்று இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான். கொடுப்பவரின் புகழோ, நாற்காலியின் உயரமோ ஆதாரம் ஆகாது. குலுக்கிப் பிரித்து, ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சிகிச்சையை உருவாக்கியவர் நம்பியதற்கு மாறாக முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால், எல்லோருக்கும் இதுவே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாடு, தூக்கம் அறவே போனவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், செத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அவரிடம் போகும்போது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம்.

லிஃப்ட்டைக் கண்டாலே வியர்த்துக் கொட்டுகிறது என்று ஏழு மாடியும் படியேறுகிறவரை, அதே லிஃப்ட்டுக்குள் நிற்க வைக்கும் சிகிச்சையும் உண்டு. கேட்கக் கொடுமையாக இருக்கும். பயத்துக்கு மிக வலுவான ஆதாரமுள்ள சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. அது எப்படி என்று அடுத்த வாரம்.

(பேசுவோம்)