ஓடுவதா, அணைப்பதா?
பட்டாசு ஆலையில் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு தீர்மானம்

கூரையில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்? தண்ணீரை வாரி இறைப்பார்கள். சாக்கை நனைத்துப் போட்டு அமுக்குவார்கள். நெருப்பைக் கண்டால் அணைக்க ஓட வேண்டும் என்பது சின்ன வயதிலேயே எல்லோருக்கும் படிந்துவிட்ட பழக்கம்.

சிவகாசிப் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் அந்த நல்ல பழக்கமே உயிரை வாங்கிவிடும்.

காரணம் என்ன?

விறகு எரியக் காற்று வேண்டும். நனைந்த சாக்கால் மூடினால் காற்று கிடைக்காது. தீ அணைந்துவிடும். பட்டாசு மருந்தின் குணம் வேறு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி இவைதான் வெடி மருந்தின் முக்கியச் சரக்குகள். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மருந்துக்கு வெளிக்காற்று தேவையே இல்லை. மூடினாலும் எரியும். இறுக்கி அடைத்தால் வெடிக்கும்.

தண்ணீர் ஊற்றலாமா? எரிகிற அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதுவும் சேர்ந்து எரியும்.

அப்படியானால் ஆலைகளில் வாளித் தண்ணீரும் மணலும் வைத்திருப்பது எதற்கு? காகிதம், சாக்கு, காய்ந்த புல் இவற்றில் பற்றும் சிறு தீயை அணைப்பதற்கு. மருந்தில் தீப்பற்றிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஓடுவதிலும் ஒரு விலக்கு உண்டு. அறையை விட்டு வெளியே வந்தபின் உடுத்திய துணியில் தீ இருந்தால், மேலும் ஓடக்கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும்.

முன்கூட்டியே செய்த யோசனை

மருந்தில் தீப்பற்றியபின் யோசிக்க நேரம் கிடையாது. ஒரு நொடி, இரண்டு நொடி. அவ்வளவுதான். அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் முன்பே யோசித்து, கட்டடத்திலும் சட்டத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் காட்டில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். பெரிய கட்டடமாக ஆலை இருக்காது. பொட்டலில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இரும்புக் கருவி கூடாது. நைலான் துணி கூடாது. ஓடுகிற வழியில் பெட்டியோ மூட்டையோ கிடக்கக்கூடாது.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-ல் டூபாண்ட் குடும்பத்தார் வெடிமருந்து ஆலை தொடங்கினார்கள். ஆலைக் கட்டடத்துக்கு மூன்று பக்கமும் கனத்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான சுவர். வெடித்தால் வேகம் முழுவதும் ஆற்றின் பக்கம் போகட்டும் என்று கட்டியபோதே தீர்மானித்துவிட்டார்கள்.

ஆனால் மனிதனைச் சுவர் போலக் கட்டி வைக்க முடியாதே!

முதலிப்பட்டி

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் பட்டப்பகலில் தீப்பிடித்தது. புகையைக் கண்டு அக்கம்பக்கத்து மக்கள் ஓடி வந்தார்கள். சிலர் உதவி செய்ய வந்தவர்கள். சிலர் என்ன ஆயிற்றோ என்று பார்க்க வந்தவர்கள். அதன் பிறகுதான் பெருவெடி வெடித்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. வெளியிலிருந்து ஓடி வந்தவர்கள்.

அவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆபத்தில் ஓடி வருவது ஊர் மக்களின் இயல்பு. ஆனால் உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. பட்டாசு ஆலைகளில் கணவன் ஓர் அறையில் வேலை செய்வான், மனைவி இன்னோர் அறையில் வேலை செய்வாள். அக்காள் மருந்து செலுத்துவாள், தங்கை திரி சுற்றுவாள். வெடிச் சத்தம் கேட்டதும் வெளியே ஓடி வந்தவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, "அவள் எங்கே?" என்பதுதான். அந்தக் கேள்வி மறுபடி உள்ளே இழுக்கும்.

இதற்கும் மருந்து முன்யோசனைதான். ஓடி வந்தவர்கள் எல்லோரும் வந்து நிற்க ஓர் இடத்தை முன்பே குறித்து வைக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியாக இருந்தாலும் போதும். அங்கே பேர் சொல்லிக் கணக்கெடுத்தால் யார் வந்தார், யார் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். தேடிக்கொண்டு யாரும் திரும்பி ஓட வேண்டியது இல்லை. மாதம் ஒரு முறையாவது மணியடித்து ஓடிப் பழகினால், நிஜமான ஆபத்தில் கால் தானாக அங்கே போகும்.

பழகிய கண்

அமெரிக்க உளவியல் அறிஞர் காரி கிளைன் 1980-களில் தீயணைக்கும் படை அதிகாரிகளை ஆராய்ந்தார். எரிகிற வீட்டின் முன் நின்று இரண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி ஒப்பிடுவதே இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். எத்தனையோ தீயைப் பார்த்துப் பழகிய கண் நிலைமையை அடையாளம் கண்டுகொள்கிறது. கண்டதும் வழி தோன்றிவிடுகிறது. அதை ஒரு கணம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

நல்ல போர்மேனும் அப்படித்தான். ஈரம் பட்ட மருந்தில் அலுமினியமும் வெடியுப்பும் மெல்ல வேலை செய்யத் தொடங்கும். தொடாமலே சூடு ஏறும். நவச்சார நெடி அடிக்கும். புதிதாக வந்தவர், "ஏதோ வாடை" என்று விட்டுவிடுவார். பழகியவர் கிளறிப் பார்க்கக்கூட நிற்கமாட்டார். எல்லோரையும் வெளியேற்றுவார்.

ஆனால் பழகிய கண்ணும் எப்போதும் போதாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. மத்திய அரசின் நீரி ஆராய்ச்சி நிலையம் புதிய கலவைகளை வகுத்தது. பழைய கலவை எப்போது சூடாகும், எப்படி மணக்கும் என்று இருபது வருடம் அறிந்தவரும், புதிய சரக்கில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் நிறுத்துவது?

ஓடுவது ஒரு நொடித் தீர்மானம். அதைவிடக் கஷ்டமான தீர்மானம் ஒன்று இருக்கிறது. தீயே இல்லாதபோது வேலையை நிறுத்துவது!

வானத்தில் இடி முழங்குகிறது. விதிப்படி மருந்து வேலையை நிறுத்த வேண்டும். ஆனால் லாரி வாசலில் நிற்கிறது. வெளியூர் வியாபாரி போன் மேல் போன் போடுகிறார். பலருக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. ஒரு மணி நேரம் நின்றால் அந்த மணி நேரக் கூலி போயிற்று. நிறுத்துகிற போர்மேனுக்கு இரண்டு பக்கமும் முகச்சுளிப்புதான். இடி விழாமல் போய்விட்டால், "வீணாக நிறுத்தினான்" என்ற பெயர்தான் மிச்சம்.

நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பதும் இப்படித்தான் நடக்கிறது. உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில் அவசரம் இன்னும் அதிகம். குத்தகைக்கு எடுத்தவர் கொடுத்த பணத்தைச் சில மாதத்தில் எடுத்தாக வேண்டும். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, உள்குத்தகை பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

மின்னல் தெரிந்தால் யாரையும் கேட்காமல் மணியடிக்கலாம், அந்த நேரத்துக்குக் கூலி உண்டு என்று முதலாளியே சீசன் தொடங்கும் முன் சொல்லி வைத்துவிட்டால், போர்மேன் தயங்கி நிற்க வேண்டியது இல்லை. கூலி நிற்கிற இடத்தில் விதியை மட்டும் சுவரில் ஒட்டி என்ன பயன்? படிக்கத் தெரிந்தவர்களும் அதைப் படிக்க மாட்டார்கள்.

சிவகாசியில் மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாக்பூரில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது அது. மருந்து கலக்குவதற்கும் மேற்பார்வைக்கும் பயிற்சிகளும் நடக்கின்றன.

பயிற்சி பெற்ற போர்மேனின் நாள், மருந்து மூட்டையைத் தொடுமுன்பே தொடங்குகிறது. இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார். அத்தனை கைகள் அன்றைக்குள் செலுத்தி முடிக்கக்கூடிய அளவு எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் கலவை. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கச் சொல்வார். மாலையில் மிச்சம் விழுந்தால் அறையில் வைத்துப் பூட்டமாட்டார். இரவில் ஈரம் குடித்து எழும் சூட்டை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தள்ளி ஒதுக்கிய இடத்தில் அன்றைக்கே அதை அழித்துவிட்டுத்தான் ஆலைக் கதவைச் சாத்துவார்.